ஜெனி எழுதிய பலகைகள்

வியாழக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் சாப்பிட வெளியே போவதில்லை. அன்றுதான் எங்கள் இணையக் கடை கணினி விளையாட்டு ஒன்றை இலவசமாகத் தரும். 'வரவில்லை, திறக்கவில்லை' என்று புகார்கள் கொட்டும். தாம்பரத்தில் உட்கார்ந்து அவற்றுக்கெல்லாம் பதில் எழுதியவன் நான். ஷ்யாம்சுந்தர் பொறுமைசாலி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடம். உங்கள் விசாரணைக் கோப்பில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவிசேஷமுத்து கீழ்க்கட்டளைக்காரர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அவர் மகள் ஜெனி வாரந்தவறாமல் இலவச விளையாட்டை எடுத்துக்கொள்வாள். ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. அதில் ஒன்று வீடு கட்டும் விளையாட்டு. சிகிச்சையில் இருந்த கடைசி மாதங்களில் அதற்குள் ஒரு வீடு கட்டி, மூலைமூலையாகப் பலகைகளை ஒளித்துவைத்து, அவற்றில் அப்பாவுக்கு ஏதேதோ எழுதியிருக்கிறாள். அவள் போன பிறகு, மாதத்துக்கு ஒன்றாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார் மனிதர். பழைய கணினி பழுதானது. புதியது ஜெனியின் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்டது. அது தெரியாமல் எங்களுக்கு எழுதினார்.

வாங்கிய ரசீதைக் காட்டுங்கள் என்று எழுதினேன். விதி அது. இலவசமாக வந்ததற்கு ரசீது எங்கிருந்து வரும் என்று கேட்டார். இறந்தவர் கணக்கென்றால் மேலிடத்துக்கு அனுப்ப வழியுண்டு, நான் அனுப்பவில்லை. என் பதிலுக்கு அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டார். 'மனுஷன் எழுதுற மாதிரி இல்ல' என்று கீழே ஒரு வரி. அந்த மாதம் எனக்கு வரவேண்டிய டீம் லீடர் வேலை ஜெயஸ்ரீக்குப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள்தான் தேதிகளை வைத்து முடிச்சுப் போடுகிறீர்கள்.

பிறகு நானே அவரைப் போனில் கூப்பிட்டேன். சரிபார்க்க வேண்டும், அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். குழந்தை மாதிரி ஒவ்வோர் அறையாகச் சொன்னார்.

"பதினெட்டு படிச்சிட்டேன் தம்பி. இன்னும் பதினொண்ணு இருக்கு. மொத்தம் எத்தனைன்னு முதல் பலகையிலயே எழுதிட்டா. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்."

கணக்கின் மின்னஞ்சலை என்னுடையதாக மாற்றினேன்; அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். ஊரப்பாக்கத்தில் என் அறையில், ஒரு ஞாயிறு பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் நடந்தேன். மாடிப்படிக்கு அடியில், கிணற்றுக்குள், மாமரத்துக்குப் பின்னால். பதினொன்றையும் கண்டுபிடித்து நிதானமாகப் படித்தேன். கடைசிப் பலகையில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். படித்து முடித்ததும் வீட்டை அழித்தேன். மீட்க முடியாது, சம்மதமா என்று திரை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் சம்மதம் என்றேன்.

தவறுதலாக அழிந்துவிட்டதென்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஜெயஸ்ரீ கெஞ்சினாள். எழுத மாட்டேன். செத்துப்போனவள் பின்னால் அலைந்துகொண்டிருந்த ஒருவரை நான் வெளியே கொண்டுவந்திருக்கிறேன். உறவுக்காரர்கள் செய்யாததைச் செய்திருக்கிறேன்.

நேற்று இந்த அறை வாசலில் நின்றிருந்தார். கோபப்படவில்லை.

"கேஸெல்லாம் வேணாம் தம்பி. என்ன எழுதியிருந்தாள்னு மட்டும் சொல்லிடுங்க. அது போதும்."

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம், அந்தக் கேள்வியும்தான். ஆனால் சொல்வதற்கில்லை, மேடம். ஒரு வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. அந்த விஷயத்தில் என்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.