எஸ்நாத் பண்டாவின் நோட்டு

இரவு ஒன்றரை மணி. காஃபுவே ஆற்றுக்கு அப்பால் ஒரு மண்சாலை… அதன் முடிவில் மருத்துவமனை. என் நண்பன் சூல்வேயின் அக்கா லுயாந்தோதான் அங்கே ஒரே டாக்டர்.

ஐந்து மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை. கை கழுவும்போது அழுகை வரும். செத்துப்போகலாம் என்று தோன்றும். யாரிடம் சொல்வது? டாக்டருக்கே புத்தி சரியில்லை என்றால், எந்தக் கர்ப்பிணி அவளிடம் வயிற்றைக் காட்டுவாள்?

டாக்டர் குறிப்பு எழுதுவதற்காக அங்கே நோயாளிகள் வாங்கிவருவது போல அவளும் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினாள். அட்டையில் பொய்ப் பெயர் எழுதினாள். எஸ்நாத் பண்டா, முப்பத்திரண்டு வயது. தனக்கான மாத்திரையை அந்தப் பெயரில் வாங்கினாள். நோட்டை மேசைக்குள் பூட்டி வைத்தாள்.

அன்று கரன்ட் இல்லை. வெளியே தவளைகள். நர்ஸ் மேவிஸ் எட்டிப் பார்த்தாள்.

“டாக்டரம்மா, உங்க எஸ்நாத் வந்திருக்கா.”

“எந்த எஸ்நாத்?”

“மாசாமாசம் அவளுக்காக நீங்களே மாத்திரை வாங்கிட்டுப் போவீங்களே, அந்த மகாராணிதான். இன்னிக்குத்தான் எங்க கண்ணுல பட்டிருக்கா!”

பெஞ்சில் ஒரு பெண். தலையிலிருந்து முகம் வரை துணி. ஆற்றுச் சேற்றின் வாடை. அவள் கையில் அந்த நோட்டு… மேசையின் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

லுயாந்தோ எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

“தூக்கம் வருதா?”

“இல்ல.”

“செத்துடலாம்னு தோணுதா?”

“தினமும்.”

மேவிஸின் சிரிப்பு நின்றது. “கட்டில் போடட்டுமா டாக்டரம்மா? பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்.”

அதுதான் முறை. இப்படிப்பட்டவரைத் தனியே அனுப்பக் கூடாது. ஆனால் கட்டில் போட்டால் துணியை விலக்குவார்கள், ஊரைக் கேட்பார்கள். விடிவதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும்…

லுயாந்தோ நோட்டில் எழுதினாள். ஆபத்து இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பெண் எழுந்தாள். செருப்புச் சத்தம்… சரக், சரக். வாசலில் மேவிஸ் டார்ச்சைத் தூக்கினாள். காற்றில் துணி விலகியது. அது டாக்டரின் முகம்.

மேவிஸ் உள்ளே ஓடினாள். நாற்காலியில் வெள்ளைக் கோட்டு, குனிந்த தலை.

“அடுத்த ஆள வரச் சொல்லு, மேவிஸ்.”

விடிந்ததும் லுயாந்தோவை ஆற்றங்கரையில் கண்டெடுத்தார்கள். இரண்டு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் பக்கத்து ஊர் டாக்டர்.

அன்று இரவு வார்டில் ஒன்பது நோயாளிகள் இருந்தார்கள். அந்த ஒன்பது நோட்டுகளையும் சூல்வே பார்த்திருக்கிறான். எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்து. மணி மூன்று… மூன்றரை… நான்கே கால். ஒரு மருந்துகூடத் தப்பில்லை.