மறதி என்று எழுத வேண்டாம்

கையுறை வாங்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. பெட்டியில் நடு அளவு என்று போட்டிருந்தால் எல்லாருக்கும் பொருந்தும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். விரல் நுனியில் தொங்கினால் கிழியும். மணிக்கட்டில் இறுக்கினால் கழற்றும்போது அழுக்குக் கையில் படும். எனக்குச் சின்ன அளவுதான் சரி.

லக்‌ஷிகா, நீங்கள் கவுன்சிலின் சுகாதாரப் பகுதியிலிருந்து எங்கள் மோர்டன் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து கேள்வி கேட்டபோது இதை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. என் தம்பி றஜீவ் செத்து நாலாம் நாள் அது. அவனுடைய இரத்தத்தில் கண்ட சல்மொனெல்லாக் கிருமியும் வீட்டுப் பாம்பின் எச்சத்தில் கண்ட கிருமியும் ஒன்றுதான் என்று ஆறுதலாக, நல்ல தமிழில் விளங்கப்படுத்தினீர்கள். நேற்று உங்கள் படிவம் தபாலில் வந்தது. வாசித்துக் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: பாம்புக் கூட்டைத் துப்புரவாக்கியவர், அறுபத்தைந்து வயது, முதுமை காரணமாகக் கையுறை அணிய மறந்திருக்கக்கூடும்.

அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்து வைக்க முடியாது. ஏன் என்பதை இந்தத் தாள்களில் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் நான் ஆசுபத்திரி வார்டுகளில் துப்புரவு வேலை செய்தவள். சிவப்புத் துணி கழிப்பறைக்கு, பச்சை சாப்பாடு செய்கிற குசினிக்கு, நீலம் பொது இடங்களுக்கு, மஞ்சள் தொற்று உள்ளவரைத் தனியே கிடத்திய அறைக்கு. ஒருநாளும் நான் மாற்றி எடுத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மேற்பார்வையாளர் சொல்வது ஒன்றுதான்: இம்மாகுலேற் செய்வதைப் பாருங்கள்.

பாம்பு, றஜீவின் மகள் மெலனியுடையது. பதினாறாம் பிறந்தநாளுக்குக் கேட்டாள், வாங்கிக் கொடுத்தான். செம்மஞ்சள் நிறக் கோர்ன் ஸ்னேக், விஷம் இல்லை. பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். இரண்டு மாதத்தில் அதைத் துப்புரவாக்குவது என் வேலையாகிவிட்டது. அதற்குச் சாப்பாடு உறைந்த எலி. எலிகளை மீனோடு வைக்கக் கூடாது என்று சொல்லித் தனியாகச் சின்ன ஃபிரீசர் வாங்க வைத்தது நான். எலியை இளக வைக்கத் தனிச் சட்டி. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைக் குசினித் தொட்டியில் ஒருநாளும் கழுவியதில்லை, தோட்டக் குழாயடியில்தான். மஞ்சள் துணி. எச்சம் அள்ளியதும் கையுறையின் உட்புறம் வெளியே வரும்படி கழற்றி, பையில் போட்டுக் கட்டி, அதற்குப் பிறகும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறை போட்டேன், இனிக் கழுவத் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள்தான் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவருகிறவர்கள்.

"மாமி, இது பெட். எபோலா இல்லை," என்று மெலனி சிரிப்பாள்.

அந்தக் கவனமெல்லாம் றஜீவுக்காக. ஏழு வருடத்துக்கு முன் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் கிடந்தான். என்னுடையது பொருந்தியது. கொடுத்தேன். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் குடித்த குளிசைகள், நோயை எதிர்க்கிற பலத்தையும் குறைத்துவிடும். எங்களுக்கு ஒருநாள் வயிற்றோட்டத்தோடு போய்விடுகிற கிருமி அவனைக் கொன்றுவிடலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்ததை அவன் மறந்தவன் அல்ல. ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கும்போது என் தோளில் கையைப் போட்டு எல்லாருக்கும் காட்டுவான்.

"இவதான் என்ரை ஸ்பெயார் பார்ட்ஸ் கடை."

"கடையிலை இன்னும் என்ன சாமான் கிடக்கு?" என்று எங்கள் பங்கைச் சேர்ந்த ஞானரட்ணம் அண்ணை கேட்பார். மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன செப்டெம்பரில் மெலனி லீட்ஸுக்குப் படிக்கப் போனாள். பாம்பு எங்களோடு நின்றது. கிறிஸ்மஸ் கழிந்து கிளினிக்குக்குப் போனபோது, வீட்டில் பிராணிகள் ஏதும் உண்டா என்று நேர்ஸ் கேட்க, றஜீவ் உள்ளதைச் சொன்னான். கொடுத்துவிடுவதுதான் நல்லது என்றாள். மனமில்லாவிட்டால் கதவு மூடிய தனி அறையில் வைக்க வேண்டும். அவன் அந்தப் பக்கமே போகக் கூடாது. வேறொருவர் கையுறையோடு துப்புரவாக்க வேண்டும். அன்று பின்னேரம் என்னை மேசைக்குக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, குறை நினையாதை. பாம்புக்கு ஒரு அறை வேணுமாம்," என்றான் றஜீவ்.

"மெலனியின்ரை அறை சும்மாதானே கிடக்கு."

"பிள்ளை லீவிலை வந்தால் எங்கை படுக்கிறது?" என்றாள் அவன் மனைவி துசியந்தி. "உங்கடை அறைதான் மச்சாள் சின்னன். சூடும் நிக்கும்."

"அப்ப நான்?"

"எட்மண்டனிலை ஞானரட்ணம் அண்ணையின்ரை தங்கச்சி வீட்டிலை மேலறை ஒண்டு கிடக்கு. கதைச்சுப்போட்டன்."

"பாம்பைக் குடுக்க ஏலாதோ?"

"மெலனி அழுவாள் அக்கா."

"நான் அழமாட்டனோ?"

அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். "நீ எப்ப அக்கா அழுதனி?"

துசியந்தி என் கோப்பையில் தேத்தண்ணீர் வார்த்தாள். "எட்மண்டன் என்ன கனடாவோ மச்சாள்? வியாழக்கிழமையிலை வந்து பாம்பைப் பாத்து, இவருக்கும் மத்தியானம் குழைச்சுக் குடுத்திட்டுப் போங்கோ. உங்களை விட்டால் ஆர் இதை ஒழுங்காச் செய்யிறது?"

அந்தக் கடைசி வசனம் உண்மை. அதனால் சம்மதித்தேன்.

குழையல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதை இங்கிலிஷில் மாற்றி எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். அகலமான சட்டியில் சோற்றையும் அன்றைய கறிகள் எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசைந்து, உருண்டையாகப் பிடித்து, சாப்பிடுகிறவரின் உள்ளங்கையில் வைப்பது. கரண்டியால் செய்கிற காரியம் அல்ல. றஜீவுக்கு அது என் கையால் வேண்டும். அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது, அன்றிலிருந்து அப்படி.

முதல் வியாழன் நகரத்தின் மறு கோடியிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறி வந்தேன். என் கட்டில் நின்ற இடத்தில் கண்ணாடிக் கூடு நின்றது. செபமாலை தொங்கவிட நான் அடித்திருந்த ஆணியில் பாம்பின் விளக்குக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். பாம்பு சுருண்டு படுத்திருந்தது. நான் கையுறை போட்டு, எல்லாம் முறைப்படி செய்து, கை கழுவி, குழைத்துக் கொடுத்துவிட்டு எட்மண்டனுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் வியாழன் பெட்டியிலிருந்து இரண்டு கையுறை எடுத்து, போடாமலே குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். பெட்டி குறையாமல் இருந்தால் துசியந்தி கவனிப்பாள். அவளுடைய சாப்பாட்டை முதலே கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டேன்; அவளுக்கு ஒன்றும் வரக் கூடாது. பிறகு மேலே போய் வெறுங்கையால் கூட்டைத் துப்புரவாக்கினேன். கையைக் காகிதத்தில் துடைத்தேன். கழுவவில்லை. கீழே வந்து குழைத்தேன்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கோபம் இருக்கவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் மூடி வைத்த கோப்பையைப் பற்றி யோசிப்பதில்லை.

"உன்ரை கை ருசி துசிக்கு வராது அக்கா," என்றான். ஐந்து உருண்டை சாப்பிட்டான். நான் பசிக்கவில்லை என்று சொன்னேன்.

அந்தக் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வியாழனும் அப்படியே செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் வியாழனும். இடையில் எந்த ஒரு வியாழனும் நான் நிறுத்தியிருக்கலாம். தண்ணீர்க் குழாய் பக்கத்தில்தான் இருந்தது. மறதி ஒருமுறை வரும், லக்‌ஷிகா. கிழமை தவறாமல் வராது.

ஐந்தாம் வியாழன் கழிந்து வெள்ளிக்கிழமை, துசியந்தி பங்குச் சனத்தோடு லூர்து மாதாவிடம் போனாள். றஜீவின் சுகத்துக்கு வைத்த நேர்த்திக்கடன். நாலு நாள் வந்து நின்று அவனைப் பார்க்கும்படி என்னைக் கேட்டாள். என் அறையில் பாம்பு என்றபடியால் நான் முன்னறைச் செற்றியில் படுத்தேன்.

சனி காலையில் அவனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. குளிர் என்றான். முப்பத்தெட்டுக்கு மேலே காய்ச்சல் ஏறினால் உடனே வார்டுக்கு அழைக்க வேண்டும் என்று இலக்கத்தோடு ஒரு தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ஏழு வருடமாக அது அங்கேதான். நான் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது.

"எவ்வளவு அக்கா?"

"முப்பத்தேழு."

"வார்டுக்கு ஒருக்கா அடிப்பமோ?"

"முப்பத்தேழுக்கு அடிச்சால் ஏசுவாங்கள். உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படு."

அவன் படுத்தான். நான் சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். குசினிக்குப் போய் அந்தத் தாளைக் கழற்றி என் பைக்குள் வைத்தேன்.

அந்த இரண்டு நாளும் அவனை நான் பார்த்த மாதிரி எந்த வார்டிலும் பார்த்திருக்க மாட்டார்கள். துணி மாற்றினேன், துடைத்தேன், வாளி வைத்து எடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதுக் கையுறை. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கை கழுவினேன்.

"எனக்கேன் அக்கா கையுறை போடுறாய்?" என்று கேட்டான். "நான் என்ன பாம்போ?"

"வார்டிலை இப்பிடித்தான் செய்யிறது," என்றேன்.

ஞாயிறு மத்தியானம் மெலனி வீடியோவில் வந்தாள். "அப்பா எங்கை மாமி?"

"நித்திரை கொள்ளுறார். எழுப்ப வேண்டாம்."

ஃபோனை மேலே கொண்டுபோய்ப் பாம்பைக் காட்டினேன். "ஐயோ, பிஸ்கட், எவ்வளவு வளந்திட்டான்," என்று சந்தோஷப்பட்டாள். கூடு பளிச்சென்று இருப்பதாகவும் சொன்னாள். அது அப்படித்தான் இருந்தது.

திங்கள் மத்தியானம் துசியந்தி போத்திலில் மாதாவின் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். அவனைப் பார்த்ததும் போத்திலைப் போட்டுவிட்டு அம்புலன்சுக்கு அடித்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தான். உள்ளே முதலில் நின்றது சிறுநீரகம் என்று டொக்டர் சொன்னார். துசியந்தி அழுதாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவனுடைய உடம்பில் நான் திருப்பிக் கேட்கக்கூடியது அது ஒன்றுதான். மற்றவையும் அதோடு போனது மருந்துகளின் பிழை.

இப்போது பாம்பு இல்லை. பிராணிகளைப் பராமரிக்கிற இடமொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெலனி அழுதாள்; ஆனால் கொடுக்க முடிந்தது. என் கட்டில் திரும்பவும் என் அறையில் நிற்கிறது. நேற்றுப் படிவம் வந்தபோது துசியந்தி என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், வயசு போட்டுது, மறந்திட்டியள். வேணுமெண்டு செய்தனீங்களோ? உங்களை ஒரு சொல்லுச் சொல்ல நான் ஒருத்தரையும் விடமாட்டன். இதிலை கையெழுத்தை வைச்சிட்டு இஞ்சையே இருங்கோ."

கையெழுத்து வைத்தால் சாகும்வரை அந்த அறை எனக்கு. வைக்காமல் இதை அனுப்பினால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதும் தெரியும். இரவு முழுக்க யோசித்துத்தான் எழுதுகிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் என்னை மறதிக்காரி என்று சொன்னதில்லை. கடைசியாக ஒரு அரசாங்கத் தாளில் அப்படிக் கிடக்க நான் விடமாட்டேன். கையுறை மறக்கப்படவில்லை. தவிர்க்கப்பட்டது. அந்த வரியை அப்படித் திருத்துங்கள்.

இன்னும் ஒரு பிழை இருக்கிறது. நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில், துசியந்தி சொன்னபடி, வாராந்தம் துப்புரவுக்கு வருபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு அக்கா என்று எழுதுங்கள். ஆறு வயதிலிருந்து அவனுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்தவள் நான்.