திரை பிடிக்கிறவர்

பாகூர் டவுன் பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தராததால், நிற்பவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினெட்டு. முன்னால் நின்ற இருவர், திருவிழாத் தெருக்கூத்துக்கு ஆள் எடுத்ததைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அஞ்சு வருஷமா, ராஜா வெளிய வர்ற வரைக்கும் அவருக்கு முன்னால திரை பிடிக்கிறவன்டா நான். இந்த வாட்டி ராஜா வேஷமே கேட்டேன். கூத்து வாத்தியாரும் ராஜா வர்ற பாட்டை எடுத்தாரு.”

“நீ ஆடிக்கினு வர்றதுதானே?”

“பழக்கம் வுடலடா. தோள்ல கெடந்த துண்டை விரிச்சிப் பிடிச்சிக்கினு நின்னுட்டேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“இந்த வருஷமும் திரை உனக்குத்தான்னுட்டாரு.”

“உன் பொண்டாட்டி மணப்பட்டுல அவ அம்மா வூட்டுக்கெல்லாம் சொல்லிட்டாளே, நீதான் ராஜான்னு?”

திரை பிடிக்கிறவர் மேல்கம்பியில் கையை மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்:

“ராஜாவே என் பின்னாலதான் நிப்பாருன்னு சொல்லிக்கலாம்.”