இரண்டு முறை திருப்பிய எண்

நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் காலை வேளையில் காரை எடுத்தால், திரும்பி வரும்போது நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் கிள்ளானுக்கு புறநகர் ரயிலில்தான் வந்தேன், இன்ஸ்பெக்டர். உட்கார இடம் கிடைத்தது. சொல்ல வேண்டியதை ஒழுங்காக யோசித்துக்கொண்டு வர முடிந்தது.

சாத்தப்பன் நல்லவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே கிள்ளானில் லோரிகளுக்குத் தகடு அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல் பகுதி என்னுடையது. அதற்கு மேலே ஓடும், தொழிலாளர்கள் திரையில் பார்க்கும் புரோகிராம் அவனுடையது. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக நினைவகத்தில் ஓரிடம் உண்டு. அவன் அங்கே எண்களை வைப்பான். நான் எடுத்து, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரத்துக்கு அனுப்புவேன்.

செகண்ட் ஹேண்டாக ஒரு பெரிய பிரஸ் வந்தபோது சிக்கல் தொடங்கியது. ஒவ்வோர் எண்ணும் இரண்டு பைட், அதாவது இரண்டு துண்டு. எங்கள் கணினி மதிப்பில் சிறிய பைட்டை முதலில் வைக்கும். அந்த பிரஸ் பெரியதை முதலில் எதிர்பார்க்கும். வழியில் யாராவது வரிசையைத் திருப்ப வேண்டும், ஆனால் ஒருவர் மட்டும். இருவரும் திருப்பினால், யாருமே திருப்பாததற்குச் சமம்.

கெர்னலில்தான் திருப்ப வேண்டும் என்றேன். எழுதியும் வைத்திருந்தேன். சாத்தப்பன் முதலாளிக்கு முன்னால் சிரித்தான்.

"தங்கம் அண்ணே, நீங்க எண்ணைத் தூக்கிக் கொடுத்தா போதும் லா. யோசிக்கிறதை நாங்க மேல பார்த்துக்கிறோம்."

சீன முதலாளிக்குப் புரியட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். அவரும் சிரித்தார். என் வரிகளை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். திருப்புவது அவன் புரோகிராமின் வேலையானது. அன்றிலிருந்து கேண்டீனில் எனக்குப் பெயர் போர்ட்டர். எனக்கு டீ கொண்டுவரும் பெண்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். நான் கோபப்படவில்லை. கோபத்தில் இருப்பவனுக்குக் கணக்கு ஓடாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு பெண்ணின் விரல்கள் போன பிறகு வந்தது. பிரஸ்ஸில் எது மாறினாலும், மாற்றியவர்தான் முதல் தகட்டைத் தன் கையால் வைத்து எடுக்க வேண்டும். பிரஸ்ஸில் வேலை செய்யும் பெண்களுக்கு மூத்தவரான வீரம்மா அதில் கறார்.

சாத்தப்பன் மாற்றியது காத்திருப்பு நேரத்தை. மேல் அச்சு எழும்பிய பின் மறுபடி இறங்கும் வரை உள்ள நேரம். 2560 மில்லிவினாடி என்று வைத்தான். இரண்டரை வினாடி, கை உள்ளே போய்வரத் தாராளம். அந்த எண்ணின் இரண்டு பைட்டையும் இடம் மாற்றிப் படித்தால் வெறும் பத்து மில்லிவினாடி. கண் இமைக்கக்கூடப் போதாது.

அந்த எண்ணைப் பார்த்த பிறகு என் வரிகளைத் திரும்பப் போட்டேன். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும். மற்றவை எல்லாம் சரியாக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் சுற்றி நின்றார்கள். வீரம்மா கேலியாகச் சொன்னார்: "முதல் தகடு உங்களுது தம்பி. கை திரும்பி வந்தாத்தான் நாங்க உட்காருவோம்."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்ன போர்ட்டர் அண்ணே, ஒழுங்கா தூக்கிக் கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

அச்சு இறங்கியது, தகடு வளைந்தது, அச்சு எழும்பத் தொடங்கியது. அது மேலே போய்ச் சேருமுன்பே இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். அது இறங்கியது. மணிக்கட்டுகள் தகட்டோடு தகடாயின. அது உடனே எழும்பியது. நிலைகுலைந்து முன்னால் விழுந்தவனின் முழங்கைகள் மேல் மறுபடி இறங்கியது.

நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வீரம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தார். நான் அவரைத் தள்ளவில்லை. விலகவும் இல்லை. சாத்தப்பன் என்னையே பார்த்தான். எண் எங்கே திரும்பியிருக்கும் என்று அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் விளங்கியிருக்க முடியும். விளங்கியது என்று அவன் கண்ணில் தெரிந்தது. அதற்குள் அச்சு அவன் தோள்வரை வந்திருந்தது. பிறகு பொத்தானை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

நேற்று, பினாங்கிலிருந்து வந்த ஒரு நிபுணர் என் வரிகளைக் கண்டுபிடித்தார். நீக்கச் சொன்ன பழைய துண்டை நான் மறந்து விட்டுவிட்டதாகவும், யாருக்கும் நேரக்கூடிய சறுக்கல் என்றும் முதலாளியிடம் சொன்னார். வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்னை மறிச்சு நின்னீங்களே, அப்படியே உறைஞ்சு போயிட்டீங்க. தெரியாம நடந்தது அண்ணே. மனசை விட்டுடாதீங்க."

இனி நான் எழுதுவதைச் சரிபார்க்க ஒருவரைப் போடப்போகிறார்களாம். சாத்தப்பனிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன்.

அதனால்தான் வந்தேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறதி, கவனக்குறைவு என்ற சொற்கள் மட்டும் எங்கும் வரக்கூடாது. நான் எழுதியதில் இதுவரை ஒரு பிழைகூட வந்ததில்லை.