பார்வையில் குறையில்லை

லாரி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி உரக்கப் படிப்பார்கள். சத்தமாகச் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. குடவாசலில் இருபத்தெட்டு வருடமாகக் கண் வைத்தியம் பார்க்கிறேன். அறிவுச்செல்வன் ஒருவர்தான் பலகையை நிதானமாகப் படிப்பார். கடைசி வரி வரைக்கும் ஓர் எழுத்துகூடப் பிசகாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவர் என்னை ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கவில்லை.

சிறைக்குள் அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டு விழாமல் இருந்திருந்தால், அரசு ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். என் கிளினிக் அட்டைகளும் உங்கள் மேசைக்கு வந்திருக்காது. அட்டைகளில் இருப்பது என் கையெழுத்துதான். நீங்கள் வருவதற்கு முன்பு அவற்றைக் கிழித்துப் போட எனக்கு ஒரு வாரம் இருந்தது. கிழிக்கவில்லை. என் அட்டையில் நான் பொய் எழுதியதும் கிடையாது, எழுதியதை அழித்ததும் கிடையாது. அதைக் கவனத்தில் வையுங்கள்.

லாரி லைசென்ஸ் வாங்குவதைவிட அதை வைத்திருப்பதுதான் கஷ்டம். முன்பெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும், இப்போது ஐந்து. ஒவ்வொரு தரமும் டாக்டர் சான்றிதழ் வேண்டும். பல இடங்களில் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் மேசையில் கண்ணைப் பார்க்காமல் பேனாவை எடுக்க மாட்டேன். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அறிவுச்செல்வனை எனக்குப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பத்து வருடங்களுக்கு முன்பு என் மகன் நவநீத் லீவில் வந்திருந்தான். அமெரிக்காவில் வேலை கிடைத்து, விசாவுக்கு நாள் குறித்திருந்த சமயம். என் காரை எடுத்துக்கொண்டு சிநேகிதனோடு கும்பகோணம் போய்விட்டுத் திரும்பும்போது, வாய்க்கால் பாலத்து வளைவில் எதிர்ப் பக்கம் ஏறி, அறிவுச்செல்வனின் லாரியில் மோதினான். கொஞ்சம் குடித்திருந்தான். பக்கத்தில் இருந்த சிநேகிதனுக்கு ஒரு கால் போயிற்று.

நம் ஊரில் லாரியும் காரும் மோதினால் கேஸ் லாரிக்காரன் மேல்தான். எது பெரிய வண்டியோ அதன் மேல் எழுதிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பியக் கூட்டிட்டுப் போயி ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு அப்பறம் எழுதுங்க" என்று நின்றார். நான் அவரை ஸ்டேஷன் வாசலுக்குத் தனியே அழைத்துப் பேசினேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தரம்தான்.

"தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"உங்க மேல மரியாத இருக்கு டாக்டர். ஆனா லைசென்ஸுல கை வச்சா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. பதினெட்டு வருஷமா ஒரு கேஸு கிடையாது. செய்யாத தப்ப எப்படிங்க ஏத்துக்கறது?"

எதிரே டீக்கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நவநீத் மேல் கேஸ் பதிவானது. பாஸ்போர்ட் கோர்ட்டுக்குப் போயிற்று, வேலையும் போயிற்று. இப்போது சென்னையில் ஏதோ ஒரு அறையில் இருக்கிறான். அவன் அம்மா போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அடுத்த வருடமே அறிவுச்செல்வன் படிவத்தோடு என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார். "என்ன நெஞ்சழுத்தம் பாருங்கோ" என்றாள் என் மனைவி காமு. எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மத்தவங்க பாக்காமலே போட்டுக் குடுத்துடுவாங்க டாக்டர். ஆளுங்க நடமாடுற ரோட்டுல பத்து டன்னு நெல்ல ஏத்திக்கிட்டுப் போறவன். நீங்கன்னா பாத்துதான் போடுவீங்க" என்றார்.

பார்த்தேன். மற்றவர்களுக்குப் பார்ப்பதைவிட நன்றாகவே பார்த்தேன். இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரங்களில் தேய ஆரம்பித்து மெல்ல நடுவுக்கு வரும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும் என்பதால் பலகையைத் தடையில்லாமல் படிப்பார்கள். தினம் இரவு கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டால் நோயை இருக்கும் இடத்திலேயே நிறுத்திவிடலாம். மூக்குக்கு நேரே பார்க்கச் சொல்லி, காதோரம் விரலை ஆட்டினேன். இடது பக்கம் விரல் தெரிவதற்குச் சற்று நேரமாயிற்று. எல்லாவற்றையும் அட்டையில் எழுதினேன்.

"போட்டுடலாமுங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"போட்டுடலாம்" என்றேன். படிவத்தில் பார்வையில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவர் கேட்டது கையெழுத்து. வைத்தியம் கேட்கவில்லை. கேட்காதவருக்கு வைத்தியம் பார்ப்பது என் பழக்கம் இல்லை. என் பிள்ளையின் வாழ்க்கையைவிட அவருக்கு லைசென்ஸ்தான் பெரிதாகப் பட்டது. சரி, அது அவரிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். அது போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

மூன்று வருடம் கழித்து வந்தபோது ஓரப் பார்வையில் பாதி போயிருந்தது. அதற்கும் ஐந்து வருடம் கழித்து, போன வருடம் வந்தார். அப்போது சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம். ஆனால் பலகையைப் படித்தார், வழக்கம்போல நிதானமாக. வாசலில் நின்றிருந்த லாரியைப் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்கக் கீறல், கண்ணாடி புதிதாக மாற்றியிருந்தது.

"ரோடெல்லாம் குறுகிப்போச்சு டாக்டர். இருட்டுனப்பறம் இப்பல்லாம் வண்டிய எடுக்கறதில்ல" என்றார்.

"ஆமாம், எல்லா இடத்துலயும் ஆக்கிரமிப்பு" என்றேன். கையெழுத்திட்டேன்.

நான் எதிர்பார்த்தது என்ன என்று கேட்டீர்கள். வண்டியை வாய்க்காலில் இறக்குவார் அல்லது புளியமரத்தில் மோதுவார், லைசென்ஸ் போகும், வீட்டில் உட்காருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மரமோ வாய்க்காலோதான் குறுக்கே வரும் என்று அத்தனை நிச்சயமாக இருந்தேன்.

தை மாதம், சம்பா அறுவடை சமயம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு காலை பத்து மணிக்குக் கிளம்பியிருக்கிறார். நல்ல வெயில். இடது பக்கம் திரும்பும்போது, அதே பக்கத்தில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்த தர்மாம்பாள் மேல் பின் சக்கரம் ஏறியது. சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்துக்கு முட்டை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். என்னிடம் இரண்டு தரம் கண்ணாடி போட்டுக்கொண்டவர், நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தேன்.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சான்றிதழைக் காட்டிக் கேட்டார். ஒரு வருடத்துக்குள் நான் கொடுத்ததுதான், பார்வை நன்றாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது, அப்படியானால் திமிர்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். திமிர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அது உங்கள் ஆட்களின் சொல்.

இவ்வளவும் அட்டைகளிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை நான் அட்டையில் எழுதவில்லை.

ஜாமீனில் இருந்தபோது அவர் என்னிடம் வந்தார். மனைவி சாவித்திரி கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிவந்தார். லைசென்ஸை ஏற்கனவே பறித்திருந்தார்கள். கையில் படிவமோ காகிதமோ எதுவும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார்.

"அந்தம்மாவ நான் பாக்கவே இல்ல டாக்டர்" என்றார். "பக்கத்துலதான் வந்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. பாத்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? கண்ணுல ஏதாச்சும் இருக்கான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இருந்தா வக்கீல்கிட்ட சொல்றேன். இல்லன்னா தப்பு என்னுதுன்னு கோர்ட்டுல ஒத்துக்கப்போறேன். செஞ்ச தப்ப இல்லன்னு சொல்ற ஆளு இல்லங்க நானு."

சாவித்திரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கருவியின் முன்னால் உட்காரவைத்து அரைமணி நேரம் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு பொட்டளவு பார்வை இன்னும் உயிரோடு இருந்தது. அன்றைக்கே மருந்தைத் தொடங்கியிருந்தால் அந்தப் பொட்டாவது அவருக்கு நின்றிருக்கும். பெண்டாட்டி முகத்தைப் பார்க்க அது போதும். கருவியின் விளக்கை அணைத்தேன். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, அறிவுச்செல்வன்" என்றேன். "நீங்கதான் பாத்து ஓட்டியிருக்கணும்."