மாறாத புரதம்

அன்று மதியம் தேநீர் குடித்தேனா என்பது சரியாக நினைவில்லை. குடித்திருப்பேன். என் நினைவை நீங்கள் முழுதாக நம்ப வேண்டாம்; அளவுகளை நம்பலாம். பதினோரு வருடமாக அளப்பதுதான் என் வேலை.

தட்டில் நரம்புச் செல்களை வளர்ப்பேன். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று எடுத்து நசுக்கி, எந்தப் புரதம் கூடியது, எது குறைந்தது என்று பார்ப்பேன். இளம் செல்லை நகர்த்திக்கொண்டு போகும் புரதம் ஒன்று உண்டு. செல் தன் இடத்தைப் பிடித்ததும் அது குறைந்துவிடும் என்று எழுதியவர்கள் நாங்கள். கருவில் பாதி நரம்புச் செல்கள் செத்துத்தான் மீதி பிழைக்கின்றன. அதை யாரும் கொலை என்று எழுதுவதில்லை.

எதை அளந்தாலும் பக்கத்தில் மாறாத புரதம் ஒன்றை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். பேராசிரியர் என்னையே அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

புதிதாக வந்த ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்தியாரம்மா. எல்லாருடைய எழுத்துப்பிழையையும் திருத்துவாள். சாப்பாட்டு டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளுவாள். அன்று புரத அளவு காட்டும் எங்கள் பழைய படங்களையும் தன் படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. செல்லு வளர வளர உங்க மாறாத புரதமும் ஏறுது. அளவுகோலே நீளுது. குறைஞ்சுதுன்னு நாம எழுதினது எதுவும் குறையவே இல்ல."

யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். உங்களிடம்தான் முதலில் என்றாள். சாயங்காலம் சேர்ந்தே பேராசிரியரிடம் போவோம், கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லலாம் என்றாள்.

"பதினோரு வருஷம்மா," என்றேன்.

"அதுக்கென்னண்ணே, திருத்திக்கலாம்."

மையவிலக்கு இயந்திரத்தின் சுழலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு கிலோ உலோகம். அவள் படங்களை அடுக்கக் குனிந்தபோது பின்மண்டையில் இறக்கினேன். விழுந்தவள் திரும்பிப் பார்த்து, "இருங்கண்ணே" என்றாள், ஏதோ என் கை தவறிவிட்டது போல. மறுபடி அடித்தேன். நெற்றி உள்ளே போனது. மூன்றாவது அடி, சத்தம் நிற்பதற்காக. பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு செல்களுக்குப் புது ஊட்டநீர் ஊற்றினேன். அன்று அவற்றுக்குப் பதினான்காம் நாள், தள்ளிப்போட முடியாது.

அவள் மறுநாள் காலையில் இறந்தாள். பேராசிரியர் மேசையில் கிடந்த படங்களைத் துடைத்துப் பார்த்து, கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். பிறகு வேலையையும் விட்டார். ஊட்டநீர் மாற்ற ஆளில்லாமல் செல்கள் தட்டிலேயே செத்தன. நான் இங்கே உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒன்பது அடி என்று இருக்கிறதாம். மூன்றுதான். அவர்களைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.