முதல் வரிசை, ஜன்னல் ஓரம்

விமானத்தில் தூக்கம் வருவதில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இடம் பார்த்து உட்காரத் தெரியாது. பிசினஸ் கிளாஸ் என்றால் எல்லா இடமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசி வரிசையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். முதுகுக்குப் பின்னால் தட்டும் கரண்டியும் உருளும். பக்கத்தில் கழிவறைக் கதவு மூச்சு விடாமல் திறந்து மூடும். நான் பல் வைத்தியர்களுக்கு நாற்காலி விற்கிறவன். மனிதர்களை எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது என்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. இந்த விஷயத்தில் என்னை நீங்கள் நம்பலாம்.

டிக்கெட்டைக் கம்பெனி எடுத்துத் தரும். பிசினஸ் கிளாஸிலேயே மலிவான வகை. முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டுமானால் தனிக் கட்டணம். அதைக் கம்பெனி தராது. நானும் தர மாட்டேன். கையில் இல்லாமல் அல்ல. நாற்காலியை விற்றுவிட்டு, உட்காருவதற்குத் தனியாகக் கொடுங்கள் என்று எந்த வைத்தியரிடமும் நான் கேட்டதில்லை. இது கொள்கை சம்பந்தப்பட்டது.

நேர்மையான வழிகளைத்தான் முதலில் பார்த்தேன். செக்-இன் திறக்கும் நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் காத்திருந்தேன். கவுண்டரில் இருப்பவர்களிடம் குடும்பம், குழந்தை எல்லாம் விசாரித்தேன். இன்று எனக்குத் திருமண நாள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே வருடத்தில் ஆறு திருமண நாள் வந்தது. கடைசியில் ஒரு பெண், "அப்ப உங்க வீட்டுக்காரம்மா வரலையா சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பிறகு ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள். துணைக்கு மருமகன். அம்மாளுக்கு நடை ஓரம், மருமகனுக்கு ஜன்னல் ஓரம், இரண்டும் முதல் வரிசை. கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. துணைக்கு வருகிறவர் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமாம், அது விதி. அந்த மருமகனைப் போல நிம்மதியான மனிதரை நான் பார்த்ததில்லை.

என் அண்ணன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஏறி இறங்கியே கால் இரண்டும் இரும்பாகிவிட்டன. அண்ணி காலமான பிறகு என் வீட்டு மாடி அறையில் வந்து இருந்தார். தினமும் காலையில் பூங்காவைப் பத்துச் சுற்றுச் சுற்றுவார். விமானத்தில் ஏறியதே கிடையாது. என் பயணங்களில் சேர்ந்த புள்ளிகளைப் போட்டு ஒவ்வொரு தடவையும் அவருக்கும் டிக்கெட் எடுத்தேன். அந்தப் புள்ளிகளின் மதிப்பு இடக் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்று உங்கள் உதவியாளர் சொன்னார். உறவில் கணக்குப் பார்க்கிறவன் அல்ல நான்.

"எனக்கு எதுக்குடா சக்கர நாற்காலி? நடந்தே வந்துடுவேனே" என்றார் அண்ணன்.

"ஏர்போர்ட் ரொம்பப் பெருசுண்ணே. சும்மா உக்காந்து வாங்க. முட்டி வலின்னு நான் சொல்லிக்கிறேன்."

"பொய் சொல்லணுமா?"

"நீங்க வாயே திறக்க வேணாம்."

நான்கு பயணம் அமோகமாகப் போயிற்று. ஐந்தாவதில், பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி பையை மேலே வைக்கத் திணறினாள். அண்ணன் எழுந்து ஒரே தூக்கில் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கனமாம்மா" என்றார். பணிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

திரும்பி வரும்போது கவுண்டர் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "சார், அடுத்த தடவை டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க. நிஜமாவே முடியாதவங்களுக்குத்தான் அந்த வரிசை."

நியாயமான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டேன். பொய்ச் சான்றிதழ் வாங்கித் தருவதாக நண்பர் ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். அது குற்றம்.

அதற்கு அடுத்த வாரம்தான் அண்ணன் மாடிப்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். பதினொரு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். விமானக் கம்பெனியின் படிவத்தை டாக்டரிடம் நீட்டினேன். அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு கட்டங்கள். அவர் தற்காலிகத்தில் குறியிட்டு, ஆறு மாதம் என்று எழுதினார். சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் மூன்று பயணம். மூன்றிலும் முதல் வரிசை, ஜன்னல் ஓரம். சாய்ந்து உட்கார்ந்தால் அண்ணனுக்கு இடுப்பு வலிக்கும். ஒன்பது மணி நேரமும் முனகிக்கொண்டு வருவார். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும். என்னிடம் காதுக்கு வைக்கும் பஞ்சு இருந்தது.

வினை அண்ணன் மகள் உருவத்தில் வந்தது. அவள் பிசியோதெரபி செய்கிறவள். வாரத்தில் நான்கு நாள் வந்து அப்பாவின் காலை மடக்கி, நீட்டி, எழுப்பி நிறுத்தினாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து உள்ளே நுழைகிறேன், இருவரும் கூடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, அப்பா இன்னிக்குக் கைப்பிடியைத் தொடாம மாடி ஏறிட்டாரு. கம்பு கூட வேணாம் இனிமே."

"அடுத்த மாசம் பூங்காவுக்கே போயிடுவேன்டா" என்றார் அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் கலங்கியது. கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தேன். அடுத்த மாதம் நான்காம் தேதி எனக்குப் பயணம் இருந்தது. சான்றிதழ் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது.

இருபத்தாறாம் தேதி மறுபடி விழுந்தார். இந்த முறை முதுகுத்தண்டு. டாக்டர் வெகுநேரம் படங்களைப் பார்த்தார். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, இரண்டாவது கட்டத்தில் குறியிட்டார்.

அண்ணன் மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிப்பக்கத்தை விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"மெழுகு இருக்கு சித்தப்பா."

"வீட்டைச் சுத்தமா வெச்சுக்கிறது தப்பாம்மா?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒரே ஒரு படியிலதான் இருக்கு."

செருப்பை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுமை கிடையாது.

எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து மூன்றாவது படி. இரண்டு முறையும் நான்தான் தேய்த்தேன். பளபளப்புத் தெரியாதபடி பழைய துணியால் துடைத்தும் விட்டேன். இரண்டாம் முறை கைப்பிடியின் திருகுகளையும் தளர்த்தினேன், ஏனென்றால் முதல் முறை அவர் பாதியில் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அவர் இனி நடக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நேற்று பார்க்கப் போனபோது, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி அதிகம் போலிருக்கிறது.

ஆனால் சுயநலம் என்று நீங்கள் சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மாடிப்படி ஏறியவரை எட்டு முறை வானத்தில் ஏற்றி, முதல் வரிசையில் உட்காரவைத்தேன். அத்தனையும் அவருக்காகச் செய்தது. எனக்காக என்றால், பேசாமல் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்க மாட்டேனா?